பழைய கேமராவைக் கொடுத்துப் பெரிய பாடி வாங்கப் போகிறவர்களுக்கு

போன மாதம் சென்னையில் ஒரு கடையில், பத்து வருடமாக வைத்திருந்த என் நிக்கான் டி7000ஐயும் அதற்கு மேல் 59,000 ரூபாயையும் கொடுத்து, பழைய நிக்கான் டி750 பாடி (லென்ஸ் இல்லாமல் கேமரா மட்டும்) ஒன்றை வாங்கி ஏமாந்து வந்தேன். கடைப் பெயரை எழுதப் போவதில்லை. ஆனால் இதே பேச்சை வேறு எங்காவது கேட்டால் உங்களுக்கு உடனே பிடிபட வேண்டும், அதற்காகத்தான் இந்தப் பதிவு.

நான் தொழில்முறையில் படம் எடுப்பவன் இல்லை. சொந்தக்காரர் கல்யாணம், காதுகுத்து, ஊர்த் திருவிழா, அவ்வளவுதான். மதுரைப் பக்கத்து மண்டபங்களில் விடியற்காலை முகூர்த்தம் என்றால் வெளிச்சம் எப்படி இருக்கும் என்று எடுத்தவர்களுக்குத் தெரியும், ஹோமப் புகை ஒரு பக்கம், வீடியோக்காரர் லைட்டை அணைத்துவிட்டால் வெறும் மஞ்சள் பல்பு. என்னிடம் இருந்தது கேமராவோடு வந்த 18-105 லென்ஸ். முழுக்க ஜூம் செய்தால் அப்பர்ச்சர், அதாவது லென்ஸ் திறக்கும் அளவு, 5.6க்கு மேல் திறக்காது (இந்த எண் குறையக் குறைய வெளிச்சம் கூடுதலாக வரும்), கேமராவின் ஒளி உணர்திறனான ஐஎஸ்ஓவை 6400 வரை ஏற்றினால் முகமெல்லாம் மணல் தூவிய மாதிரி ஆகிவிடும்.

இதைச் சொல்லிப் படங்களைக் காட்டியதும் கடைக்காரர், "சார், இது பாடி பிரச்சினை. 2010 மாடலை வெச்சுக்கிட்டு என்ன பண்ண முடியும், ஃபுல் ஃபிரேம் போயிடுங்க" என்றார். ஃபுல் ஃபிரேம் என்றால் பெரிய சென்சார் (ஒளியைப் படமாக்கும் சில்லு) உள்ள கேமரா, டி750 அந்த ரகம். லென்ஸைப் பற்றி நானே கேட்டேன். "அதெல்லாம் அப்புறம் பாத்துக்கலாம், இதே லென்ஸ் அதுலயும் மாட்டும்."

மாட்டும்தான், பொய் இல்லை. ஆனால் அது சின்ன சென்சாருக்காகச் செய்த டிஎக்ஸ் லென்ஸ். டி750இல் மாட்டினால் கேமரா தானாகவே சென்சாரின் நடுப்பகுதியை மட்டும் எடுத்துக்கொள்ளும், 24 மெகாபிக்சல் பத்தாகச் சுருங்கிவிடும். என் பழைய கேமராவில் 16 இருந்தது! எந்தப் பெரிய சென்சாருக்காகக் காசு கொடுத்தேனோ அதில் பாதிக்கும் குறைவான இடம்தான் வேலை செய்கிறது, இருட்டில் கிடைக்க வேண்டிய லாபமும் அதோடு போயிற்று. தினமும் கேமரா விற்கிறவருக்கு இது தெரியாமல் இருக்காது.

அடுத்தது ஷட்டர் கவுண்ட், அதாவது அந்தக் கேமராவில் இதுவரை எத்தனை படம் எடுத்திருக்கிறார்கள் என்ற கணக்கு. 22 ஆயிரம்தான் ஓடியிருக்கிறது என்று பாடியிலேயே ஸ்டிக்கர் ஒட்டியிருந்தார்கள். நான் கிளம்புவதற்கு முந்தின நாள் ஃபோனில் பேசி ஒரு படம் எடுத்து அனுப்பச் சொன்னேன், வாட்ஸ்அப்பில் அனுப்பினார்கள். அப்படிச் சாதாரணமாக அனுப்பினால் இந்தக் கணக்கோடு படத்துக்குள் பதிந்திருக்கும் எக்ஸிஃப் தகவல் எல்லாம் அழிந்துவிடும், டாக்குமெண்டாக அனுப்பச் சொல்லியிருக்க வேண்டும். கடைக்குப் போனபோது என் சட்டைப்பையில் மெமரி கார்டு இருந்தது, அதைப் போட்டு ஒரே ஒரு படம் எடுத்து வந்திருந்தால் போதும். வீட்டுக்கு வந்து எடுத்துக் கம்ப்யூட்டரில் அந்தத் தகவலைப் படிக்கும் எக்ஸிஃப்டூல் என்ற மென்பொருளில் போட்டுப் பார்த்தால் 1,87,412. டி750இன் ஷட்டரை நிக்கான் சோதித்திருப்பதே 1,50,000 வரைதான். அதைத் தாண்டினால் உடனே நின்றுவிடும் என்று அர்த்தம் இல்லை, ஆனால் அந்த நிலையில் உள்ள பாடியை 68,000 போட்டு யாரும் வாங்க மாட்டார்கள்.

திரும்ப ஃபோன் செய்தால், "கம்பெனியே ஷட்டரை மாத்திக் கொடுத்தது சார், நம்பர் மட்டும் பழசு" என்றார். டி750 ஷட்டரில் கோளாறு இருப்பதாகச் சொல்லி நிக்கான் 2015இல் குறிப்பிட்ட காலத்தில் தயாரானவற்றை இலவசமாகச் சரிசெய்து தந்தது உண்மை. அதனால் கேட்பவர்கள் நம்பிவிடுவார்கள். சரி, சர்வீஸ் ரசீதைக் காட்டுங்கள் என்றேன். இன்று வரை வரவில்லை.

என்னிடம் பில்லும் இல்லை. பில் போட்டால் 18 சதவீதம் கூடும் என்று சொல்லி எஸ்டிமேட் சீட்டில் கையால் எழுதிக் கொடுத்தார்கள், சீரியல் நம்பர் கூட அதில் இல்லை. தயவுசெய்து இதை மட்டும் செய்யாதீர்கள். கையில் பணம் கொடுக்காமல் ஜிபேயில் அனுப்பியது எவ்வளவோ நல்லதாயிற்று. அந்தப் பதிவையும் வாட்ஸ்அப் பேச்சையும் வைத்து நுகர்வோர் உதவி எண் 1915இல் புகார் கொடுத்திருக்கிறேன். அங்கே சரிவராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 5 லட்சம் வரை வாங்கிய பொருளுக்குக் கட்டணம் கிடையாது, இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும்.

இதில் எனக்கு ஆறாத விஷயம் வேறு. நண்பர் ஒருவரின், அப்பர்ச்சர் 1.8 வரை திறக்கும் 50 எம்எம் லென்ஸை இரவல் வாங்கிப் போன வாரம் ஒரு நிச்சயதார்த்தத்தில் எடுத்தேன். 5.6ஐ விட ஏறக்குறைய பத்து மடங்கு வெளிச்சம் உள்ளே வருகிறது. அதே லென்ஸ் டி7000இலும் மாட்டும், பழையது சில ஆயிரத்துக்குக் கிடைக்கும். எனக்குப் பாடியே மாற்ற வேண்டியிருக்கவில்லை.

என் டி7000ஐ 9,000 என்று கழித்தார்கள். பத்து நாள் கழித்து நேரில் சண்டை போடப் போனபோது அதே கண்ணாடி அலமாரியில் 21,000 என்று எழுதி வைத்திருந்தார்கள். என் மகள் பிறந்த அன்று எடுத்த முதல் படம் அதில்தான். ஃபிளாஷ் மாட்டும் இடத்துக்குப் பக்கத்தில் பிறை மாதிரி ஒரு கீறல் இருக்கும், அப்படி ஒன்றை யாராவது வாங்கியிருந்தால் ஸ்டிக்கரில் என்ன எழுதியிருந்தாலும் விட்டுவிடுங்கள், அதில் ஓடியது 41 ஆயிரம் சொச்சம்தான். நல்ல கேமரா, தைரியமாக எடுங்கள்.