ரத்தம் உறையாமல் இருக்கச் சாப்பிடும் மாத்திரையும் பெரியப்பாவின் கண்ணும்: கிருஷ்ணகிரி அனுபவம்

இங்கிலாந்தில் நான் இருக்கிற லெஸ்டரிலிருந்து இந்த முறை காவேரிப்பட்டணம் போனது மாங்காய் சீசனில். பஸ், பேங்க், தாலுகா ஆபீஸ் பற்றியெல்லாம் எழுத நிறைய இருக்கிறது, அதையெல்லாம் தள்ளிவைத்துவிட்டு ஆஸ்பத்திரி விஷயத்தை மட்டும் எழுதுகிறேன்.

பெரியப்பாவுக்கு இதயத்தில் உலோக வால்வு. ரத்தம் உறையாமல் இருக்கப் பல வருஷமாக அசிட்ரோம் மாத்திரை சாப்பிடுகிறார். அந்த மாத்திரையின் வேகம் குறைந்தால் வால்வில் ரத்தக்கட்டு, கூடினால் எங்கே வேண்டுமானாலும் கசிவு. அதனால்தான் ஐ.என்.ஆர். பரிசோதனை, ரத்தம் உறைய எவ்வளவு தாமதமாகிறது என்று காட்டும் எண் அது, மாத்திரை சாப்பிடாதவருக்கு 1 பக்கம் இருக்கும், மைட்ரல் என்கிற இதய வால்வை மாற்றிய அவரைப் போன்றவர்களுக்கு 2.5 முதல் 3.5 வரை வைத்துக்கொள்ளச் சொல்வார்கள். இவர் வயிற்றுப்போக்கு என்று மெடிக்கலில் சொல்லி மெட்ரோனிடசோல் வாங்கியிருக்கிறார், முட்டிவலிக்கு டைக்ளோஃபெனாக் வேறு. முதலாவது அசிட்ரோமின் வேகத்தை ஏற்றிவிடும், இரண்டாவது கசிவை இன்னும் சுலபமாக்கும். வேறு என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்று கடையில் ஒருவரும் கேட்கவில்லை.

தோப்பில் ஒரு கிளை புருவத்தில் இடித்தது, சின்ன அடிதான். சாயங்காலம் கண்ணுக்குப் பின்னால் குத்துகிற வலி, வாந்தி, இமை கல் மாதிரி இறுகிவிட்டது. விரலால் பிரித்துப் பார்த்தால் விழி முன்னால் தள்ளிக்கொண்டு நிற்கிறது, பக்கவாட்டில் அசையவில்லை, என் கை அவருக்கு நிழலாகத்தான் தெரிந்தது. பக்கத்து கிளினிக்கில் மெட்ராஸ் ஐ என்று சொட்டு மருந்து எழுதிக்கொடுத்தார்கள். மெட்ராஸ் ஐயில் விழி பிதுங்காது, பார்வை இருட்டாது!

கண் உட்கார்ந்திருக்கும் எலும்புக்குழிக்குள் ரத்தம் தேங்கினால் அது வெளியே போக வழியில்லை, அந்த அழுத்தத்தில் பார்வை நரம்புக்கும் விழித்திரைக்கும் போகிற ரத்த ஓட்டம் நசுங்கிவிடும், ஒன்றரை மணி நேரம் அப்படியே விட்டால் போன பார்வை திரும்பாமலே போகலாம். காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்ற பேச்சுக்கே இடமில்லை.

கார் எடுத்துக்கொண்டு நேராக போலுப்பள்ளி மெடிக்கல் காலேஜ் ஆஸ்பத்திரிக்குப் போனோம். 2022-ல் திறந்தது, அதற்கு முன்னால் எங்கள் வீட்டில் பெரிய வைத்தியம் என்றாலே சேலம், இல்லாவிட்டால் பெங்களூர். கேஷுவாலிட்டியில் இருந்த டியூட்டி டாக்டர், சின்னப் பெண், முதலில் கேட்டதே "ஐயா, ரத்தம் இளக்குற மாத்திரை ஏதாவது சாப்பிடறீங்களா?" என்றுதான். எனக்கு அப்போதுதான் மூச்சு வந்தது. கண் டாக்டர் வந்து, ஸ்கேனுக்குக்கூடக் காத்திருக்காமல், கண்ணின் வெளி ஓரத்தில் மரத்துப்போக ஊசி போட்டு, இமையைப் பிடித்திருக்கும் தசைநாரை வெட்டி அழுத்தத்தை இறக்கினார். ஐ.என்.ஆர். 7-ஐத் தாண்டியிருந்தது. ரத்தம் மறுபடி உறைவதற்காக பிளாஸ்மா ஏற்றினார்கள், வைட்டமின் கே கொஞ்சமாக. வால்வு இருக்கிறதால் ரத்தத்தை ஒரேயடியாக உறையவிடவும் முடியாது, இதய டாக்டரிடம் போனில் கேட்டுக் கேட்டுத்தான் ஒவ்வொன்றும் செய்தார்கள். பார்வை வந்துவிட்டது, கொஞ்சம் மங்கல்.

வெள்ளை விழியில் மட்டும் சிவப்புத் திட்டு, வலி இல்லை, பார்வை சரியாக இருக்கிறது என்றால் பயப்பட வேண்டாம், இந்த மாத்திரைக்காரர்களுக்கு அது வரும், தானே மறையும், ஐ.என்.ஆர். மட்டும் பார்த்துவிடுங்கள்.

நான் இருக்கிற ஊரில் அசிட்ரோம் மாதிரியே வேலை செய்கிற வார்ஃபரின் மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு ஒரு மஞ்சள் புத்தகமும் சட்டைப்பையில் வைக்க ஒரு கார்டும் கொடுப்பார்கள். கிருஷ்ணகிரியிலும் லேபுக்குக் குறையில்லை, ரவுண்டானா பக்கம் காலையில் ரத்தம் கொடுத்தால் மத்தியானம் வாட்ஸ்அப்பில் ரிசல்ட் வந்துவிடுகிறது. குறை எங்கே என்றால், அந்த எண்ணை யாரும் ஒரு நோட்டில் வரிசையாக எழுதிவைப்பதில்லை. மக்களைத் தேடி மருத்துவம் 2021-ல் தொடங்கியதே இந்த மாவட்டத்துச் சாமனப்பள்ளியில்தான். பிரஷர், சுகர் மாத்திரையோடு வீடு தேடி வருகிற அந்த அக்கா, ஐ.என்.ஆர். கடைசியாக எப்போது பார்த்தீர்கள் என்று ஒரு வார்த்தை சேர்த்துக் கேட்டால் எவ்வளவு நன்றாக இருக்கும்.

அப்புறம், கண்புரை ஆபரேஷனுக்குப் போகிறவர்கள் இந்த மாத்திரையைத் தாங்களாகவே நிறுத்திவிடுகிறார்கள். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். ஐ.என்.ஆர். அளவுக்குள் இருந்தால் பெரும்பாலும் நிறுத்தாமலே செய்யலாம், கண்ணுக்குப் பின்னால் ஊசி போடாமல் சொட்டு மருந்திலேயே மரத்துப்போகச் செய்யவும் முடியும். கேம்ப்பில் பெயர் கொடுக்கும்போதே மாத்திரை அட்டையைக் கையில் எடுத்துக் காட்டுங்கள். பெரியப்பாவின் இன்னொரு கண்ணிலும் புரை இருக்கிறது, இதய டாக்டரிடம் எழுதி வாங்கிக்கொண்டுதான் தேதி குறிக்கப்போகிறோம்.