ஏற்காட்டு ஜீப்புக்குப் பின் ஹவுசிங்: பிரித்து வேலை பார்ப்பதா, முழுசாக மாற்றுவதா?

அடிவாரத்திலிருந்து ஏறி, பதினோராவது கொண்டை ஊசி வளைவைத் தாண்டியதும் இன்ஜின் உறுமுகிறது, வண்டி நகரவில்லை. ஹேண்ட் பிரேக்கை இழுத்தேன். ஜீப் அதுபாட்டுக்குப் பின்னால் உருண்டது. கால் பிரேக்கை மிதித்துக்கொண்டு, கூட வந்த தம்பியைக் கல் வைக்கச் சொன்னேன்.

பழைய ஜீப்பில் ஹேண்ட் பிரேக் சக்கரத்தில் இல்லை, முன், பின் சக்கரங்களுக்கு இழுவையைப் பிரித்துக் கொடுக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸின் பின்னால், அங்கிருந்து பின் ஆக்சிலுக்குப் போகும் ஜாயிண்ட் ஷாஃப்டைப் பிடிக்கிறது. ஆக்சில் முனை கூம்பு வடிவம். அதில் சக்கரம் மாட்டும் ஹப் இறுகி உட்கார, நடுவில் கீ என்கிற சின்ன இரும்புத் துண்டு. அந்தக் கீ அறுந்தால் வண்டி இழுக்காது, இறக்கத்தில் இன்ஜினே வண்டியைப் பிடிக்கும் இன்ஜின் பிரேக்கும் கிடைக்காது, ஹேண்ட் பிரேக்கும் பேருக்குத்தான். அன்றைக்கு முன் சக்கரத்தையும் இணைத்துத்தான் வீடு போய்ச் சேர்ந்தேன்.

பின் ஆக்சிலையும் அதன் பல் சக்கரங்களையும் மூடியிருக்கும் இரும்புக் கூடுதான் ஹவுசிங். அதைப் பிரித்துப் பார்த்தால் கீ மட்டுமில்லை, உள்ளே இருக்கும் பெரிய பல் சக்கரமான கிரவுனின் பல்லும் தேய்ந்திருந்தது. அப்புறம்தான் கேள்வி வந்தது. முன்னால் மூன்று வழி: இருக்கிற ஹவுசிங்கிலேயே புது கிரவுனும், அதைச் சுழற்றும் சின்னப் பல் சக்கரமான பினியனும் போடுவது, அதே பல் விகிதத்தில் (கிரவுன் பல்லைப் பினியன் பல்லால் வகுத்தது) பழைய ஹவுசிங் ஒன்றை முழுசாக வாங்கி மாட்டுவது, இல்லை, வேகம் கூடுதலாகத் தரும் வேறு விகிதத்துக்குப் போவது.

வேலை என்று பார்த்தால் முழுசாக மாற்றுவதுதான் சுலபம். நாலு யூ போல்ட், ஷாக் அப்சார்பர், பிரேக் பைப், ஜாயிண்ட் ஷாஃப்ட். காலையில் ஆரம்பித்தால் சாயங்காலம் ஓட்டலாம். ஆனால் வாங்குவது சரியான சாமானா? காயலாங்கடைக்காரர், "அதே ஐட்டம்தாங்க, கண்ண மூடிட்டு மாட்டுங்க" என்றார். கண்ணை மூடாமல் நான் செய்தது இது.

முதலில் கிரவுன் குண்டு, அதாவது கிரவுன் உட்கார்ந்திருக்கும் உப்பிய பகுதி, எந்தப் பக்கம் என்று பார்த்தேன். சி.ஜே. என்கிற பழைய மாடல் ஜீப்பில் டிரான்ஸ்ஃபர் கேஸின் வெளியீடு வலப்பக்கம் தள்ளி இருக்கிறது. அதனால் குண்டும் நடுவில் இல்லாமல் வலப்பக்கம், நம் ஊர் வண்டியில் டிரைவர் பக்கம், ஒதுங்கி இருக்கும். நடுவில் குண்டு உள்ள ஹவுசிங்கை மாட்டினால் ஷாஃப்ட் கோணலாகி ஜாயிண்ட் சீக்கிரம் போகும். அடுத்து, ஸ்பிரிங் பட்டை உட்காரும் இரண்டு இடங்களுக்கும் நடுவே டேப் பிடித்து, என் வண்டி அளவோடு ஒப்பிட்டேன். இரண்டும் சரியாக வந்தன.

மூன்றாவதுதான் முக்கியம். பின் மூடியின் போல்ட்டில் பல் எண்ணிக்கை அடித்த சின்னத் தகடு இருக்க வேண்டும். பழைய சாமானில் அது பெரும்பாலும் காணாமல் போயிருக்கும். அதனால் சாக்பீஸ் எடுத்து ஹப்பிலும் பினியன் முகத்திலும் கோடு போட்டேன். ஒரு ஹப்பைத் தம்பி அசையாமல் பிடித்துக்கொள்ள, மறு ஹப்பை இருபது சுற்று சுற்றினேன். ஒரு பக்கம் நின்றால் இன்னொரு பக்கம் இரண்டு சுற்று சுற்றினால்தான் கிரவுன் ஒரு சுற்று. ஆக இருபதுக்குப் பத்து. என் வண்டியில் கிரவுனுக்கு 43 பல், பினியனுக்கு 8, அதாவது 5.38. பினியன் ஐம்பத்து மூன்றே முக்கால் சுற்று வர வேண்டும். வந்தது நாற்பத்தெட்டே முக்கால். 39-க்கு 8, அதாவது 4.88. கடைக்காரர் பொய் சொன்னார் என்று சொல்ல மாட்டேன். வெளியே பார்க்க இரண்டும் ஒன்றுதான்.

சரி, 4.88 மோசமா? சேலத்திலிருந்து தருமபுரி, பெங்களூரு என்று நெடுஞ்சாலையிலேயே ஓடும் வண்டிக்கு மோசமில்லை. 6.00-16 டயர் ஒரு சுற்றுக்குச் சுமார் 2.2 மீட்டர் போகும். டாப் கியரில் 80 கிலோமீட்டர் வேகத்துக்கு 5.38 வண்டியின் இன்ஜின் நிமிடத்துக்குச் சுமார் 3,250 சுற்று சுற்றும், 4.88-இல் 2,950 போதும். காதுக்கு அந்த முந்நூறு பெரிய நிம்மதி. ஸ்பீடோமீட்டர் மட்டும் குறைத்துக் காட்டும். நிஜமாக 60 போனால் 54 என்று நிற்கும்.

ஆனால் நாலு சக்கர இழுவை உள்ள வண்டியில் பின்னால் மட்டும் மாற்றக் கூடாது. முன்னாலும் பின்னாலும் ஒரே விகிதம் இல்லையென்றால், நாலு சக்கரத்தையும் இணைத்த மாத்திரத்தில் இரண்டு ஆக்சிலும் ஒன்றோடொன்று மல்லுக்கு நிற்கும். டயர் தேயும், டிரான்ஸ்ஃபர் கேஸ் முறுக்கிக்கொள்ளும். முன் ஹவுசிங்கிலும் கை வைத்தால் செலவு இரட்டிப்பு. அதோடு, மிளகு மூட்டையும் காபி மூட்டையும் ஏற்றிக்கொண்டு இருபது வளைவு இறங்குகிறவனுக்கு இன்ஜின் பிடிப்பு பத்தில் ஒரு பங்கு குறைவது எனக்குச் சம்மதமில்லை.

அதனால் சொந்த ஹவுசிங்கைப் பிரித்தேன். இதில் சாமானை விட ஆள்தான் முக்கியம். கிரவுனும் பினியனும் தொழிற்சாலையிலேயே ஜோடியாக உரசிப் பழக்கப்பட்டவை. ஒன்றை மட்டும் மாற்றுவது வீண். செவ்வாய்ப்பேட்டைப் பக்கம் பார்த்த மெக்கானிக் அண்ணன் பினியனுக்கு, இடைவெளியைச் சரி செய்ய, சிம் என்கிற மெல்லிய தகடு ஒன்றை வைப்பார், பல்லில் மை தடவிச் சுற்றுவார், தடம் பல்லின் நுனியில் விழுந்தால் முகம் சுளிப்பார், மறுபடி கழற்றுவார். நான்கு முறை. தடம் பல்லின் நடுவில் விழுந்த பிறகுதான் டீ குடித்தார். இந்தப் பொறுமை இல்லாத பட்டறையில் கொடுத்தால் ஐம்பது கிலோமீட்டர் வேகத்தில் ஊளைச் சத்தம் உறுதி. அப்படியானால் அதே விகிதத்துப் பழைய ஹவுசிங் தேடுவதே மேல். தேடுகிறவர்கள் ஆயிலை வடித்து விரலில் தேய்த்துப் பாருங்கள். இரும்புத் துகள் நறநறத்தாலோ பல் நீலம் பாய்ந்திருந்தாலோ, பேரம் பேசாமல் திரும்பிவிடலாம்.

எனக்குப் புது ஆக்சில், ஹப், கீ எல்லாம் சேர்ந்து பழைய ஹவுசிங் விலையைத் தாண்டியது. மூடி போடும்போது அண்ணன் ஹவுசிங்கின் மேலே இருந்த காற்றுத் துளையைக் கம்பியால் குத்திக் காட்டினார். கெட்டிச் சேறு. "சீல் ஏன் ஒழுகுதுன்னு கேட்டீங்களே, இதுதாங்க."