கிளட்ச் ஏர் எடுக்க கை வாக்குவம் பம்ப்: எங்கே கைகொடுக்கும், எங்கே காலை வாரும்

கிளட்ச் பெடல் தரையோடு போகிறது, முதல் கியர் விழ மறுக்கிறது, ரிவர்ஸ் போட்டால் கரகரவென்று கத்துகிறது. இப்படி ஆனதும் பலர் உடனே வாங்குவது கையால் அமுக்கும் வாக்குவம் பம்ப் கிட்டைத்தான். கைப்பிடியோடு ஒரு பம்ப், மேலே கேஜ், மூடியில் இரண்டு முனை வைத்த சின்ன டப்பா, தெளிவான டியூப், நான்கைந்து ரப்பர் அடாப்டர். கிளட்ச் ஆயில் குழாயில் சிக்கிய காற்றைத் தனி ஆளாக வெளியேற்ற, அதாவது ஏர் எடுக்க, இது நல்ல கருவி. ஆனால் உள்ளே காற்று எப்படிப் புகுந்தது என்பதை இது சொல்லாது. அதை முதலில் கண்டுபிடிக்காவிட்டால் எத்தனை முறை பம்ப் அடித்தாலும் பெடல் மறுபடி விழும்.

ஆகவே பம்பைத் தொடும் முன் வண்டியின் கிளட்ச் ஆயில் டப்பாவைப் பாருங்கள். அளவு குறைந்துகொண்டே வந்தால் எங்கோ கசிகிறது. காருக்குள் குனிந்து, பெடலிலிருந்து மாஸ்டர் சிலிண்டருக்கு (பெடலை மிதிக்கும்போது ஆயிலைத் தள்ளும் சிலிண்டர்) போகும் கம்பியை விரலால் தடவுங்கள், கசிவு அங்கே என்றால் ஈரம் தெரியும். அந்த ஆயிலை வாங்கிக் கிளட்ச்சை விடுவிக்கும் ஸ்லேவ் சிலிண்டர் கியர்பாக்ஸுக்கு வெளியே இருந்தால் அதன் ரப்பர் பூட்டின் ஓரத்தைச் சின்ன ஸ்க்ரூ டிரைவரால் மெல்ல விலக்குங்கள். உள்ளிருந்து கறுத்த ஆயில் வழிந்தால் கப் சீல் போய்விட்டது. அளவு குறையவே இல்லை, ஆனால் பெடலை மிதித்தபடியே வைத்திருக்கும்போது கியரில் உள்ள வண்டி மெல்ல நகரப் பார்க்கிறது என்றால் மாஸ்டருக்குள்ளேயே ஆயில் சீலைத் தாண்டிப் பின்னால் போகிறது என்று சந்தேகிக்க வேண்டும். இது வெளியே ஒரு சொட்டுக்கூடக் காட்டாது. அதனால்தான் பலரை ஏமாற்றுகிறது. இன்னொருவரைப் பெடலை மிதிக்கச் சொல்லி ரப்பர் ஹோஸைக் கையால் பிடித்துப் பாருங்கள். அது உப்பினால் ஹோஸை மாற்ற வேண்டியதுதான்.

ஸ்லேவ் தள்ளும் நெம்புகோலான ஃபோர்க் எவ்வளவு நகர்கிறது என்பதை ஸ்டீல் ஸ்கேலால் அளந்து, வண்டியின் சர்வீஸ் புத்தகத்தில் உள்ள அளவோடு ஒப்பிடுங்கள். நகர்வு சரியாக இருந்தும் கியர் விழவில்லை என்றால் கோளாறு பெரும்பாலும் கிளட்ச்சின் பிரஷர் பிளேட்டிலோ டிஸ்க்கிலோ இருக்கும். அங்கே இந்தப் பம்புக்கு வேலையே இல்லை.

கிட் கைக்கு வந்ததும் பம்பின் முனையை விரலால் மூடி, கேஜில் 20 அங்குலம் (பாதரச அளவு) வரை இழுத்து ஐந்து நிமிடம் விடுங்கள். முள் இறங்கினால் பம்பே கசிகிறது, திருப்பிக் கொடுத்துவிடலாம். முள் நின்றால் டப்பாவையும் டியூபையும் மாட்டி அதே சோதனையை இன்னொரு முறை செய்யுங்கள். மலிவான கிட்களில் பெரும்பாலும் டப்பா மூடிதான் காற்று விடுகிறது.

வேலை நேரத்தில், ஸ்லேவில் காற்றை வெளியே விடும் நிப்பிளில் முதலில் ரிங் ஸ்பேனர், அதன் மேல் டியூப். 15 அங்குலம் இழுத்துவிட்டு நிப்பிளைக் கால் சுற்று திறந்து, வாக்குவம் தீரும் முன் மூட வேண்டும். மூடியில் எழுதியிருக்கும் டாட் 3 அல்லது டாட் 4 பிரேக் ஆயில் மட்டும், புதிதாகப் பிரித்த டப்பாவிலிருந்து. பிரேக்கும் கிளட்ச்சும் ஒரே டப்பாவைப் பகிரும் கார்களில் கூடுதல் கவனம் வேண்டும்: கிளட்ச் குழாய் டப்பாவின் பக்கவாட்டில் உயரமான இடத்திலிருந்து கிளம்பும். கீழே பிரேக்குக்குப் போதுமான ஆயில் இருக்கும்போதே கிளட்ச் காற்றை உறிஞ்சிவிடும். மேக்ஸ் கோட்டை ஒட்டியே நிரப்பிக்கொண்டிருங்கள். பெயிண்டில் பட்டால் துடைக்காமல் உடனே தண்ணீர் ஊற்றிக் கழுவுங்கள்.

இந்தக் கருவியின் பெரிய குறை, டியூபில் தெரியும் குமிழிகள் பொய் சொல்வதுதான். நூல் இழைபோல் சிறு குமிழிகள் நிற்காமல் வந்தால் அது பெரும்பாலும் நிப்பிளின் திருகு மரையைச் சுற்றி வெளியிலிருந்து நுழையும் காற்று. விட்டுவிட்டுப் பெரிய குமிழிகளாக வருவதுதான் உள்ளே சிக்கியிருந்தது. நிப்பிளைக் கழற்றி, கூம்பு முனையை விட்டுவிட்டு மரையில் மட்டும் டெஃப்லான் டேப் சுற்றினால் குழப்பம் தீரும். சாதாரண கிரீஸ் தடவாதீர்கள். அது உள்ளே போனால் ரப்பர் சீல்கள் ஊதிவிடும். வாக்குவத்தை அளவுக்கு மீறி ஏற்றுவதும் தப்பு: கப் சீல்கள் உள்ளிருந்து வெளியே தள்ளும் அழுத்தத்தைத் தாங்கச் செய்யப்பட்டவை, இழுத்தால் உதடு மடங்கிக் காற்றை விட்டுவிடும். கிட்டின் சின்ன டப்பா பாதி நிறைந்ததும் கொட்டிவிடுங்கள். ஆயில் பம்புக்குள் ஏறினால் அதன் சீல் சீக்கிரம் கெடும்.

ஸ்லேவின் நிப்பிள் மேல்பக்கம் இல்லாத வண்டிகளில் இந்தப் பம்ப் தோற்றுப்போகும். அங்கே பைப் இணைப்பை அவிழ்க்காமல் ஸ்லேவைக் கழற்றி, பைப் முனை மேலே வரும்படி சாய்த்துப் பிடித்து, பிஸ்டனை மெதுவாக உள்ளே அழுத்துங்கள். குமிழி பைப் வழியாக ஏறி ஆயில் டப்பாவில் வெடிப்பதைக் கண்ணால் பார்க்கலாம். அந்த நேரத்தில் யாரும் பெடலை மிதிக்கக் கூடாது, பிஸ்டன் தெறித்து வெளியே வந்துவிடும். கியர்பாக்ஸுக்குள் பேரிங்கோடு சேர்ந்திருக்கும் ஸ்லேவ் என்றால், மேலிருந்து சுமார் 1 பார் அழுத்தத்தில் ஆயிலைத் தள்ளும் பிரஷர் பிளீடரே எங்கள் தேர்வு.

வெளியே ஸ்லேவ் உள்ள கார், உதவிக்கு ஆள் இல்லை என்றால் தயங்காமல் வாங்கலாம். உலோக உடல், தனியாகக் கிடைக்கும் சீல் செட், இரண்டும் இருக்கிறதா என்று பாருங்கள். வேலை முடிந்ததும் பெடல் கம்பியில் சிறிது தளர்வு மிச்சம் இருக்கிறதா என்று உறுதிசெய்யுங்கள். தளர்வே இல்லாவிட்டால் ஆயில் டப்பாவுக்குத் திரும்ப முடியாமல் அழுத்தம் தேங்கி, சூடானதும் கிளட்ச் வழுக்கும். பிறகு ஐடிலில் பெடலை முழுக்க மிதித்து நான்கு விநாடி கழித்து ரிவர்ஸ் போடுங்கள். சத்தமில்லாமல் விழுந்தால் வண்டியை இரவு முழுக்க நிறுத்திவிட்டு, காலையில் முதல் மிதியிலேயே இதே சோதனையைத் திரும்பச் செய்யுங்கள்.