தமிழில் தட்டச்சு செய்பவர்களுக்கு பிளாஸ்மா 6 எப்படி?

லினக்ஸ் கணினியில் ஜன்னல், மெனு எல்லாம் தரும் திரைச் சூழல்களில் க்னோம் ஒன்று, கேடிஇ பிளாஸ்மா இன்னொன்று. பல வருஷம் க்னோமிலேயே இருந்துவிட்டு பிளாஸ்மா 6-க்கு மாறினால் முதலில் தடுமாறுவது கைதான். சூப்பர் விசையை (விண்டோஸ் படம் போட்ட விசை) தட்டினால் திறந்திருக்கும் ஜன்னல்கள் எல்லாம் விரியும் என்று விரலுக்குப் பழக்கம், இங்கே மெனு வந்து நிற்கும். அந்த மேலோட்டக் காட்சிக்கு சூப்பரோடு டபிள்யூ. சில நாளில் பழகிவிடும்.

பிளாஸ்மா கனமானது என்ற பழைய பேச்சை இன்னும் நம்ப வேண்டாம். ரிச்சி தெருவில் வாங்கிய செகண்ட் ஹேண்ட் திங்க்பேட், 8 ஜிபி ராம், அதில் லிப்ரே ஆபிஸும் பத்திருபது பயர்பாக்ஸ் டேபும் திறந்து வைத்து மெய்ப்புப் பார்க்கிறேன், எங்கும் திணறவில்லை.

ஆனால் நம்மவர்கள் முதலில் கேட்பது தமிழ் 99 விசைப்பலகை முறை வருமா என்பதைத்தான். வரும், ஆனால் தானாக வராது. பிளாஸ்மா 6-ல் ஜன்னல்களைத் திரையில் காட்டும் அடிப்படை ஏற்பாடாக வேலண்ட்தான் இயல்பு, அதனால் பிற மொழிகளில் தட்டச்சு செய்ய உதவும் ஃபெசிடிஎக்ஸ் 5-ஐயும் (Fcitx 5) தமிழ் 99-ஐத் தரும் அதன் எம்17என் (m17n) தொகுப்பையும் நிறுவினால் மட்டும் போதாது. அமைப்புகளில் விசைப்பலகைப் பகுதிக்குள் 'விர்ச்சுவல் கீபோர்டு' என்று ஒன்று இருக்கிறது, அங்கே போய் ஃபெசிடிஎக்ஸைத் தேர்ந்தெடுக்க வேண்டும். தொடுதிரைக்கான விஷயம் என்று நினைக்க வைக்கும் பெயர், யாருக்கு அங்கே தேடத் தோன்றும்? புதிதாக வரும் தமிழர்களில் பாதிப்பேர் இந்த இடத்திலேயே வெறுத்துப்போய்த் திரும்பிவிடுவார்கள் என்பதுதான் என் கவலை. அதைச் செய்துவிட்டால் அப்புறம் கண்ட்ரோல்-ஸ்பேஸ் தட்டித் தட்டி இரண்டு மொழியிலும் நிம்மதியாக எழுதலாம்.

டால்பின் என்ற கோப்பு மேலாளருக்காகவே மாறலாம் என்பேன். எஃப்3 அழுத்தினால் கோப்புறை இரண்டு பக்கமாகப் பிரியும், எஃப்4 அழுத்தினால் கீழேயே டெர்மினல் (கட்டளைகளைத் தட்டும் இடம்). சூப்பர்-வி தட்டினால் முன்பு காப்பி செய்தவை வரிசையாக வரும். ஒரே பெயரை இருபது இடத்தில் திருத்துகிறவர்களுக்கு இதன் அருமை தெரியும். போனையும் கணினியையும் இணைக்கும் கேடிஇ கனெக்ட் இருந்தால், அச்சகத்திலிருந்து போனுக்கு வரும் பக்கப் படங்களை ஒரே வைஃபையில் இருக்கும் மடிக்கணினிக்குக் கேபிள் இல்லாமல் அனுப்பிவிடலாம்.

குறை என்றால், அமைப்புகள் அளவுக்கு மீறிக் கிடக்கின்றன. எதை மாற்றினோம், எங்கே மாற்றினோம் என்று தேடவேண்டி வரும். முதல் வாரம் எழுத்துரு அளவையும் திரை அளவீட்டையும் தவிர எதையும் தொடாமல் இருப்பது நல்லது. பலூ என்ற கோப்புத் தேடல் சேவை ஆரம்பத்தில் கொஞ்சம் மின்விசிறியைச் சுற்ற வைக்கும், பழைய வன்தட்டு என்றால் அணைத்துவிடுங்கள்.

போடுவதற்கு முன் பதிப்பைப் பாருங்கள். பிளாஸ்மா 6 வந்தது 2024 பிப்ரவரியில், ஆனால் பிளாஸ்மாவோடு வரும் லினக்ஸான குபுண்டுவின் 24.04 பதிப்பில் பழைய பிளாஸ்மா 5.27தான் கிடைக்கும். டெபியன் என்ற இன்னொரு லினக்ஸின் 13-ஆம் பதிப்பில் பிளாஸ்மா 6.3 வருகிறது, நான் பயன்படுத்துவது அதைத்தான்.