ஆர்ட்பெக் 10: புகைக்கு அடியில் இருக்கும் எலுமிச்சை

பீட் என்ற சதுப்பு நிலத்து மக்கிய மண்ணை எரித்துப் புகை ஏற்றிய விஸ்கியில் முதல் பாட்டிலாக எதை வாங்கலாம் என்று யார் கேட்டாலும் ஆர்ட்பெக் 10 என்றுதான் சொல்வேன். உடனே, "அது முழுக்கப் புகையாச்சே, லேசானதில் ஆரம்பித்தால் ஆகாதா?" என்பார்கள். ஆகும். ஆனால் லேசாகப் புகை போட்ட பல விஸ்கிகளில் அந்தப் புகை மற்ற சுவைகளோடு குழம்பி மங்கலான ஒரு கசப்பாக நின்றுவிடும். ஆர்ட்பெக்கில் புகை எது, பழம் எது, பார்லியின் இனிப்பு எது என்று ஒவ்வொன்றையும் நாக்கு தனித்தனியாகப் பிரித்துச் சொல்லிவிடும். எனக்கு இதில் பிடித்ததே அந்தத் தெளிவுதான்.

பாட்டிலில் இருப்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். ஸ்காட்லாந்தின் ஐலா தீவு, தென்கரை. பத்து வருஷம், ஏற்கெனவே போர்பன் (அமெரிக்க விஸ்கி) இருந்த பீப்பாய்கள், ஆல்கஹால் 46 சதவீதம், சில் ஃபில்ட்ரேஷன் (குளிரவைத்து வடிகட்டுவது) கிடையாது. கடைசி இரண்டும் சேர்ந்தே வருவதற்குக் காரணம் உண்டு. விஸ்கியில் கொழுப்பு அமிலங்களும் அவற்றின் எஸ்டர்களும் கரைந்திருக்கும். ஆல்கஹால் குறைந்து குளிரும் பட்டால் அவை பிரிந்து விஸ்கி கலங்கும். கலங்கினால் கெட்டுப்போனதாக நினைத்துவிடுவார்கள் என்று பல கம்பெனிகள் குளிரவைத்து வடிகட்டி அவற்றை எடுத்துவிடுகின்றன. 46இல் நிறுத்தினால் சாதாரண வெப்பநிலையில் கலங்காது, வடிகட்டவும் வேண்டாம், நாக்கில் படியும் அந்த எண்ணெய்ப்பசை அப்படியே மிஞ்சும். கிளாஸைச் சாய்த்து ஒரு சுற்று சுற்றிப் பாருங்கள், உள்பக்கத்தில் துளிகள் இறங்கத் தயங்கித் தயங்கித்தான் வரும். நிறம் வெளிறிய வைக்கோல். நிறத்தைப் பார்த்து விஸ்கியை எடைபோடும் பழக்கம் இருந்தால் இந்தப் பாட்டிலோடு அதை விட்டுவிடுங்கள்.

ஊற்றிய உடனே மோந்து பார்க்க வேண்டாம். கிளென்கெயர்ன் மாதிரி வயிறு அகன்று வாய் குறுகிய கிளாஸில் 30 மில்லி ஊற்றி ஒரு பத்து நிமிஷம் விடுங்கள். அப்புறம் வாயை லேசாகத் திறந்துகொண்டு, மூக்கை உள்ளே நுழைக்காமல் விளிம்பிலேயே வைத்து மோந்தால் ஆல்கஹால் நெடி குத்தாது. முதலில் வருவது தார், கூடவே டிங்சர் அயோடின், அணைந்துபோன விறகின் சாம்பல், கொஞ்சம் புகை போட்ட மீன். இந்த இடத்திலேயே "மருந்து வாடை" என்று கிளாஸைத் தள்ளி வைப்பவர்கள் உண்டு, அதுதான் எனக்கு வருத்தம். இன்னும் இரண்டு நிமிஷம் பொறுத்தால் மூக்குக்குப் புகை பழகிவிடும். பழகியதும் அதன் அடியிலிருந்து எலுமிச்சைத் தோல் வரும் பாருங்கள், நகத்தால் கீறியவுடன் தெறிக்கும் அந்தக் கூர்மையான வாசனை, அச்சு அசலாக. அதற்குப் பின்னால் வெனிலா, பேரிக்காய், எங்கோ ஓரத்தில் கருப்பு மிளகு. இத்தனையும் ஒரே கிளாஸில் ஒன்றை ஒன்று மிதிக்காமல் நிற்கின்றன.

வாயில் வைத்ததும் முதலில் தெரிவது இனிப்பு. மோந்து பார்த்துவிட்டுக் குடிப்பவர்கள் இதை எதிர்பார்ப்பதே இல்லை. மால்ட்டும் (முளைகட்டிய பார்லி) தேனும் கலந்த சுத்தமான இனிப்பு, அதை விழுங்காமல் நாக்கின் மேல் ஒரு சுற்று விட்டால் ஓரங்களில் மிளகு ஏறும், எலுமிச்சை திரும்ப வரும், அதற்கும் பிறகுதான் புகை தொண்டைப் பக்கத்திலிருந்து மேலே எழும்பும். விழுங்கினால் உப்பு, எஸ்பிரெஸ்ஸோ, கசப்பு சாக்லேட், கடைசியில் வெகுநேரம் சாம்பல். குறை ஒன்று சொல்ல வேண்டுமென்றால் நடுப்பகுதி. இனிப்புக்கும் புகைக்கும் நடுவில் ஒரு கனம், ஒரு சதைப்பிடிப்பு வேண்டும் என்று கேட்பவர்களுக்கு அங்கே கொஞ்சம் மெலிவாகப் படும். அவர்களுக்கு அதே தீவில் காய்ச்சும் இன்னொரு விஸ்கியான லகாவூலின் 16 சரியாக இருக்கும். அது 43 சதவீதம்தான் என்றாலும் உலர்ந்த பழம், தோல், தேயிலை என்று வாய் நிறையும், ஆனால் அதில் புகையைத் தனியாகப் பிரிக்க முடியாது, எல்லாம் ஒன்றாகப் பின்னிக்கொண்டு வரும்.

இத்தனைக்கும் ஆர்ட்பெக்குக்கான மால்ட்டில் புகை வாசனை தரும் ஃபீனால் அளவு 50 முதல் 55 பிபிஎம் (பத்து லட்சத்தில் இத்தனை பங்கு), லகாவூலினுக்குச் சுமார் 35. எண்ணைப் பார்த்தால் ஆர்ட்பெக்தான் முரடு. இந்த பிபிஎம் கணக்கை வைத்துப் போட்டி போடுபவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும்: அது காய்ச்சுவதற்கு முன்பு மால்ட்டில் அளந்த எண். ஊறவைத்து, நொதிக்கவிட்டு, வடித்து முடிப்பதற்குள் அதில் பெரும்பகுதி போய்விடும். மிஞ்சுவது எவ்வளவு, எந்த மாதிரி என்பதை ஸ்டில் என்ற வடிக்கும் பாத்திரத்தின் வடிவமும், வடிந்து ஓடிவரும் ஸ்பிரிட்டில் எந்தக் கட்டத்தில் வெட்டி எடுக்கிறார்கள் என்பதும் முடிவு செய்யும். ஆர்ட்பெக்கில் இரண்டாம் முறை வடிக்கும் ஸ்பிரிட் ஸ்டில்லின் தலையிலிருந்து போகும் குழாயில் ப்யூரிஃபையர் என்று ஒரு சின்னப் பாத்திரம் பொருத்தியிருக்கிறார்கள். ஆவியில் கனமான பகுதி அங்கே திரவமாகித் திரும்ப ஸ்டில்லுக்கே இறங்கி மறுபடி கொதிக்கும், லேசான, பழ வாசனை உள்ள ஆவி தாண்டிப் போகும். நான் மேலே சொன்ன எலுமிச்சைக்கும் மெலிந்த நடுப்பகுதிக்கும், இரண்டுக்குமே, அந்தப் பாத்திரத்துக்குப் பெரிய பங்கு உண்டு. ஒன்று வேண்டுமென்றால் மற்றதையும் ஏற்றுக்கொள்ள வேண்டியதுதான்.

தண்ணீர் சேர்க்கலாமா? சேருங்கள், ஆனால் அரை டீஸ்பூன். 30 மில்லியில் அவ்வளவு விட்டால் 46 என்பது 42, 43க்கு இறங்கும், போதும். 2017இல் ஸ்வீடனின் லின்னேயஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இருவர் இதைக் கணினியில் உருவகப்படுத்திப் பார்த்தார்கள். புகை வாசனை தரும் மூலக்கூறுகளில் ஒன்றான குவாயகோல், ஆல்கஹால் 45 சதவீதம் வரை இருக்கும்போது திரவத்தின் மேல்பரப்பை ஒட்டி நிற்கிறது, 59க்கு மேல் போனால் எத்தனால் சூழ்ந்து உள்ளே இழுத்துக்கொள்கிறது. அதாவது இந்த பாட்டில் ஏற்கெனவே எல்லைக்கோட்டுக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. ஒரு சொட்டு விழுந்ததுமே வாசனை பரவலாக எழும்பும், மிளகின் காரம் அடங்கி எலுமிச்சை முன்னால் வரும். ஒரு டீஸ்பூனைத் தாண்டினால் எனக்கு நீர்த்த சாம்பல்தான் கிடைக்கிறது. ஐஸ் வேண்டவே வேண்டாம், குளிரில் பழ வாசனை அமுங்கிப் புகையும் கசப்பும்தான் மிஞ்சும். சோடா ஊற்றி எலுமிச்சைத் தோல் பிழிந்து குடித்தால் நன்றாகவே இருக்கிறது, அதில் எனக்கு எந்த ஆட்சேபமும் இல்லை.

இந்த விஸ்கி இன்று இருப்பதே பெரிய விஷயம். 1815இல் தொடங்கிய ஆர்ட்பெக் டிஸ்டில்லரி (விஸ்கி காய்ச்சும் ஆலை) 1981இல் மூடப்பட்டது, 1989இல் சிறிய அளவில் மறுபடி ஓடியது, 1996இல் திரும்பவும் மூடினார்கள். 1997இல் க்ளென்மோரஞ்சி என்ற விஸ்கி கம்பெனி வாங்கிய பிறகுதான் தொடர்ந்து ஓட ஆரம்பித்தது. பத்து வருஷ பாட்டில் 2000இல் வந்தபோது உள்ளே இருந்தது பழைய நிர்வாகம் காய்ச்சியது. 1998இல் புதியவர்கள் காய்ச்சியது பத்து வருஷத்தை எட்டியதும் 2008இல் ரினைசன்ஸ் என்று தனியாகக் கொண்டாடி வெளியிட்டார்கள். ஆக, பழைய பாட்டிலைப் பற்றி யாராவது உயர்வாகப் பேசினால் அவர்கள் பேசுவது உண்மையிலேயே வேறு ஒரு விஸ்கியைப் பற்றி. இன்றைய பாட்டிலை அதனோடு ஒப்பிட்டு மதிப்பெண்ணைக் குறைப்பது நியாயமாகாது.

இதே டிஸ்டில்லரியின் மற்ற பாட்டில்களில் வீ பீஸ்டி ஐந்து வருஷம், 47.4 சதவீதம். புகை இன்னும் முரடாக இருக்கும், எலுமிச்சைக்குப் பதில் பச்சைத் தானிய வாசனை, காக்டெயிலுக்கு நல்லது. ஷெர்ரி (ஸ்பெயின் நாட்டு ஒயின்) பீப்பாயும் சேர்ந்த உகடால் 54.2 சதவீதம், திராட்சையும் புகையுமாக அடர்த்தியானது, 10ஐ ஒரு பாட்டில் முடித்துவிட்டு அதற்குப் போகலாம். கோரிவ்ரெக்கன் 57.1, மிளகு பிடித்தவர்களுக்கு.

மதிப்பெண் போடச் சொன்னால் 100க்கு 90. நடுப்பகுதி இன்னும் கொஞ்சம் நிறைந்திருந்தால் கூட ஏற்றியிருப்பேன். திறந்த புதிதில் கொஞ்சம் இறுக்கமாக இருக்கும், விஸ்கி பாட்டிலின் தோள் அளவுக்கு இறங்கியதும் எலுமிச்சை நன்றாகத் திறக்கும், பாதிக்குக் கீழே போன பாட்டிலை மாதக்கணக்கில் வைத்தால் புகை மெலிய ஆரம்பிக்கும், அதனால் பாதி தாண்டினால் சின்ன பாட்டிலுக்கு மாற்றி வையுங்கள். பல விஸ்கிகளை வரிசையாக ருசிக்கும்போது இதைக் கடைசியில் ஊற்றுங்கள், முன்னால் வைத்தால் அடுத்து வருகிற எதுவும் நாக்குக்குத் தெரியாது.