ரெப்கோ மீக்கடத்தி நாடா: 77 கெல்வின் எண்ணை மட்டும் பார்த்து வாங்காதீர்கள்

அணுக்கரு இணைவு மின்சாரம் 2030-களில் கிரிடுக்கு வந்துவிடும் என்று தனியார் நிறுவனங்கள் தைரியமாகச் சொல்வதற்கு முக்கியக் காரணம் இந்த நாடாதான். அரிய மண் தனிமம், பேரியம், தாமிரம், ஆக்சிஜன் சேர்ந்ததுதான் ரெப்கோ. குளிர்வித்தால் மின்தடையே இல்லாமல் மின்சாரம் கடத்தும் இந்த மீக்கடத்தியை உலோகத் தகட்டில் மெல்லிய படலமாகப் படியவைத்து, பெரும்பாலும் 4 மி.மீ. அல்லது 12 மி.மீ. அகலத்தில் வெட்டி, ஸ்பூலில் சுற்றி விற்கிறார்கள். ஃபுஜிகுரா, ஃபாரடே ஃபேக்டரி ஜப்பான், சூப்பர்பவர், ஷாங்காய் சூப்பர்கண்டக்டர் போன்றவர்கள் தயாரிக்கிறார்கள். அருமையான பொருள். ஆனால் ஸ்பெக் ஷீட்டின் முதல் வரியை நம்பி ஆர்டர் கொடுப்பவர்கள் பின்னால் சிரமப்படுவார்கள்.

இதன் பெருமை காந்தப்புலத்தில் இருக்கிறது. இணைவு உலையில் பிளாஸ்மாவை, அதாவது மின்னேற்றம் பெற்ற கொதிக்கும் எரிபொருள் வாயுவை, பிடித்துவைப்பது காந்தச் சுருள்கள்தான். பிரான்சில் கட்டப்படும் ஈட்டர் உலையில் பழைய வகை மீக்கடத்தியான நையோபியம்-டின் கம்பிகள். பிளாஸ்மாவின் நடுவே 5.3 டெஸ்லா. அமெரிக்காவின் டெவன்ஸில் காமன்வெல்த் ஃப்யூஷன் நிறுவனம் கட்டிவரும் ஸ்பார்க் உலையில் ரெப்கோ, அங்கே 12.2 டெஸ்லா. பிளாஸ்மா அழுத்தத்துக்கும் காந்த அழுத்தத்துக்கும் உள்ள விகிதம் மாறாமல் இருந்தால், இணைவுத் திறன் அடர்த்தி புலத்தின் நான்காம் படிக்கு ஏற்ப உயரும். கணக்குப் போட்டால் சுமார் 28 மடங்கு. ஈட்டரின் பெரிய ஆரம் (வளைய மையத்திலிருந்து பிளாஸ்மாவின் நடு வரையான தூரம்) 6.2 மீட்டர், ஸ்பார்க்குக்கு 1.85 மீட்டர் போதும் என்பதன் அடிப்படை இதுதான். 2021 செப்டம்பர் 5 அன்று எம்.ஐ.டி.யில் 267 கி.மீ. நாடா சுற்றிய சோதனைச் சுருள் 20 கெல்வினில் 20 டெஸ்லாவைத் தொட்டது. அதன் பிறகு இந்த நாடாவைச் சந்தேகிக்க இடமில்லை.

இனி குறைகள். நாடாவின் மொத்தத் தடிமன் ஏறத்தாழ 0.1 மி.மீ. அதில் பாதி ஹேஸ்டலாய் என்ற நிக்கல் கலவைத் தகடு. அதன்மேல் இடைப் படலங்கள், அதற்கும் மேலே ஓரிரு மைக்ரான் ரெப்கோ, பிறகு வெள்ளி, சுற்றிலும் தாமிர முலாம். மின்னோட்டம் முழுவதையும் சுமப்பது அந்த ஓரிரு மைக்ரான்தான்.

விற்பவர்கள் தரும் ஆம்பியர் கணக்கு பெரும்பாலும் 77 கெல்வினில், அதாவது திரவ நைட்ரஜனில், வெளிப்புலம் இல்லாமல் அளந்தது. உங்கள் சுருள் ஓடப்போவதோ 20 கெல்வினில், 20 டெஸ்லாவில். இரண்டுக்கும் இடையிலான விகிதம் நாடாவுக்கு நாடா மாறும். மீக்கடத்திக்குள் இழைகளாக ஊடுருவும் புலத்தை, அதாவது காந்தச் சுழல்களை, நகரவிடாமல் பிடித்துவைக்க ரெப்கோவுக்குள் என்ன நுண்துகள் கலந்திருக்கிறார்கள் என்பதே அதைத் தீர்மானிக்கிறது. 77 கெல்வினில் முன்னால் நிற்கும் நாடா 20 கெல்வினில் பின்தங்கிவிடலாம். புலத்தின் கோணமும் முக்கியம்: நாடாவின் பரப்புக்குச் செங்குத்தாகப் புலம் பாய்ந்தால் தாங்கும் மின்னோட்டம் வெகுவாகக் குறையும். எனவே ஓடும் வெப்பநிலையிலும் புலத்திலும், மிக மோசமான கோணத்தில் அளந்த எண்ணைக் கேளுங்கள். கூடவே முழு நீளத்துக்கும் அளந்த வரைபடத்தையும் கேளுங்கள். சராசரி நன்றாக இருந்தாலும் நடுவில் ஒரு சென்டிமீட்டர் பள்ளம் விழுந்திருந்தால் அந்தச் சுருளுக்கு அதுதான் வரம்பு.

கையாளும்போது கவனம் தேவை. நீளவாக்கில் இழுத்தால் ஹேஸ்டலாய் நன்றாகத் தாங்கும். படலத்தைப் பிரிக்கும் திசையில் நாடா மிகப் பலவீனம். எபாக்சி ஊற்றி இறுக்கிய சுருளைக் குளிர்வித்தால், எபாக்சி அதிகம் சுருங்கிப் படலத்தை உரித்துவிடும். அதனால்தான் பலர் பாரஃபின் மெழுகையோ சால்டரையோ நாடுகிறார்கள். வளைக்கும்போது ரெப்கோ பக்கம் உள்ளே இருக்கட்டும். அழுத்தத்தை அது இழுவிசையை விட நன்றாகத் தாங்கும். இணைப்புப் போடும்போது ரெப்கோ பக்கங்கள் ஒன்றையொன்று பார்க்க வேண்டும், இல்லாவிட்டால் மின்னோட்டம் ஹேஸ்டலாயைச் சுற்றிக்கொண்டு போக வேண்டிவரும், இணைப்பு சூடாகும். தாமிர முலாமுக்குப் பிறகு இரு பக்கமும் ஒன்றுபோலத் தெரியும் என்பதால் ஸ்பூலை அவிழ்க்கும் முன்பே எது எந்தப் பக்கம் என்று குறித்துக்கொள்ளுங்கள். சால்டரிங் 200 டிகிரி செல்சியஸைத் தாண்ட வேண்டாம். சூடு ஏறினால் ஆக்சிஜன் வெளியேறும், போன ஆம்பியர் திரும்பாது. 183 டிகிரியில் உருகும் டின்-லெட் போதும். 118-ல் உருகும் இண்டியம்-டின் இன்னும் பாதுகாப்பு.

பெரிய கவலை குவென்ச், அதாவது மீக்கடத்தல் திடீரென்று கெட்டு அந்த இடம் சூடாவது. நையோபியக் கம்பியில் மீக்கடத்தல் ஓரிடத்தில் கெட்டால் அது வேகமாகப் பரவும், மின்னழுத்தத்தில் உடனே தெரியும். ரெப்கோவில் அது மிக மெதுவாகப் பரவுவதால், கருவி கண்டுபிடிப்பதற்குள் அந்த இடம் எரிந்துவிடலாம். சுற்றுகளுக்கு இடையே காப்பு வைக்காமல் விடுவது இதற்கு ஒரு தீர்வு: மின்னோட்டம் பக்கத்துச் சுற்றுக்குத் தாவிக்கொள்ளும். விலையாக, சுருளை ஏற்றவும் இறக்கவும் அதிக நேரம் பிடிக்கும். எம்.ஐ.டி. சுருளும் காப்பில்லாததே. அதன் கடைசிச் சோதனையில் வேண்டுமென்றே மின்னோட்டத்தைத் துண்டித்தபோது பெரும்பகுதி சேதமின்றித் தப்பியது, ஓர் இடம் மட்டும் உருகியது. அந்த உருகலை மறைக்காமல் வெளியிட்டார்கள் என்பது இந்தத் துறைக்கே பெரிய உதவி.

சட்டத் தடை இப்போது குறைவு. அமெரிக்க அணுசக்தி ஒழுங்குமுறை ஆணையம் 2023 ஏப்ரலில் இணைவு உலைகளைப் பிளவு உலைகளின் விதிகளில் சேர்க்காமல் தனியே வைத்தது. பிரிட்டனும் அதே ஆண்டு சட்டத்தில் தெளிவுபடுத்தியது. அதே காமன்வெல்த் நிறுவனம் வர்ஜீனியாவின் செஸ்டர்ஃபீல்டில் கட்டவிருக்கும் 400 மெகாவாட் ஆர்க் மின்நிலையத்தின் மின்சாரத்தில் பாதியை வாங்க 2025-ல் கூகுள் ஒப்பந்தம் போட்டுவிட்டது.

மிச்சமிருப்பது நீளமும் விலையும். ஸ்பார்க்குக்கு டொராய்டல் சுருள்கள் (பிளாஸ்மா வளையத்தைச் சுற்றி நிற்கும் முக்கியச் சுருள்கள்) மட்டும் 18. சோதனைச் சுருளின் கணக்கை அப்படியே வைத்தாலும் 4,800 கி.மீ. ஆகிறது, உண்மைத் தேவை அதைவிட அதிகம். இவ்வளவு நீளத்துக்கும் தரம் ஒரே சீராக இருக்க வேண்டும். கிலோஆம்பியர்-மீட்டர் விலை, அதாவது ஆயிரம் ஆம்பியரை ஒரு மீட்டர் கொண்டுசெல்ல ஆகும் விலை, இன்னும் நையோபியக் கம்பியைவிடப் பல மடங்கு. விலை பேசும்போது 20 கெல்வின், 20 டெஸ்லா ஆம்பியருக்குத்தான் பேசுங்கள். 77 கெல்வின் ஆம்பியருக்குப் பேசினால் தேவையில்லாத எண்ணுக்குப் பணம் கொடுப்பீர்கள்.