துருக்கி மீர்ஷாம்னு சொல்லி பிளாஸ்டர் கட்டி வித்துட்டான், பினாங்குல செதுக்குறவங்க உஷாரா இருங்க

ரெண்டு மாசமா இதை எழுதாம தள்ளிப்போட்டதுக்கு காரணம் வெக்கம்தான், பத்து வருஷமா கட்டை செதுக்குறவன் கல்லைப் பார்த்து ஏமாந்தேன்னு சொல்ல ஒரு மாதிரியா இருந்துச்சு. ஆனா போன வாரம் பட்டர்வொர்த் தம்பி ஒருத்தன் "அண்ணே, மீர்ஷாம் ரா கட்டி நல்ல விலைக்கு வருது, எடுக்கலாமா"ன்னு போட்டோ அனுப்புனான், பார்த்தா என்னை ஏமாத்துனவன் காட்டுன அதே வெள்ளைக் கட்டி, பின்னாடி அதே நீல கென்வஸ். அதான் உக்காந்து டைப் பண்றேன்.

தெரியாதவங்களுக்காக சுருக்கமா சொல்லிடுறேன். மீர்ஷாம்னா ஜெர்மன்ல கடல் நுரை, ஆனா கடலுக்கும் அதுக்கும் சம்பந்தம் இல்ல, செபியோலைட்னு ஒரு மெக்னீசியம் கல்லு, துருக்கியில எஸ்கிஷெஹிர் பக்கம் குழி தோண்டி உருளைக்கிழங்கு மாதிரி கோணல்மாணலா எடுப்பாங்க. ஈரமா இருக்கும்போது கத்தி வச்சா சோப்பு மாதிரி சுருள் சுருளா சீவலாம், காஞ்சா இறுகிரும், நல்லா காஞ்சது தண்ணியில மெதக்கும். அதுல செதுக்குன புகையிலை பைப்பை தேன்மெழுகுல முக்கி எடுப்பாங்க, புடிக்கப் புடிக்க வெள்ளை மாறி மஞ்சளாகி, கடைசில தே ஓ, அதான் பால் இல்லாத டீ, அந்தக் கலருக்கு வந்துரும். லோரோங் கூலிட் சந்தையில வாய் ஒடஞ்ச பழசு ஒண்ணு 20 வெள்ளிக்கு (ரிங்கிட்) வாங்குனேன், அன்னைக்கு புடிச்ச கிறுக்குதான் இது. நான் புகைக்கிறது இல்ல, செதுக்குறதோட சரி.

சரி விஷயத்துக்கு வரேன். மாமா ஒருத்தர் தன்னோட சீன முதலாளிக்கு ரிட்டயர் ஆகும்போது குடுக்க பைப் ஒண்ணு செஞ்சு தரச் சொன்னாரு. கல்லு தேடிட்டு இருந்தப்ப கேஎல்லுல இருந்து ஒருத்தன் மெசேஜ் பண்ணான், நம்ம ஆளுதான், வாய்க்கு வாய் அண்ணே அண்ணேன்னு பேசுறான். முதல்ல தீப்பெட்டி சைஸ்ல சாம்பிள் அனுப்புனான், 40 வெள்ளி. அது அசல். ஊறவச்சு கத்தி வச்சா வெண்ணெய் மாதிரி போச்சு, அதுல ஒரு குட்டிப் பிள்ளையார் செதுக்கி கார் டேஷ்போர்டுல வச்சிருக்கேன். அதை நம்பித்தான் ரெண்டு கிலோவுக்கு 900 வெள்ளி பேங்க்ல போட்டேன். அக்கவுண்ட் பேரு வேற யாரோ ஒருத்தர் பேரு, கேட்டா "மச்சான் அக்கவுண்ட்ணே"ன்னான். அங்கயே நின்னிருக்கணும்.

இன்னொண்ணும் யோசிச்சிருக்கணும். 1970கள்லயே துருக்கி செதுக்காத ரா மீர்ஷாம் ஏத்துமதியைத் தடுத்துட்டாங்க, அவங்க ஊரு ஆளுங்க செதுக்கி விக்கட்டும்னு. அப்ப இவன்கிட்ட மட்டும் கிலோ கணக்குல எப்படி வருது? கேக்கத்தான் செஞ்சேன், "தடைக்கு முந்தின பழைய ஸ்டாக்ணே, ஒரு வெள்ளைக்காரர் வீட்டுல இருந்துச்சு"ன்னான், நானும் தலையாட்டிட்டேன்.

பார்சல் வந்துச்சு, ஆறு கட்டி, எல்லாம் செங்கல் மாதிரி நறுக்குன்னு சதுரம். மண்ணு ஒட்டுன தோலும் இல்ல, ஒரு வரியும் இல்ல. நாக்குல வச்சுப் பார்த்தேன், ஒட்டுச்சு. அசல்னா நாக்குல ஒட்டும்னு எல்லாரும் சொல்ற நாக்கு டெஸ்ட் இருக்கே, அது ஒண்ணுத்துக்கும் ஆகாது, காஞ்ச பிளாஸ்டர் ஆஃப் பாரிஸும் ஈரத்தை இழுக்கும், அதுவும் ஒட்டும். தண்ணியில போட்டேன், கல்லு மாதிரி முங்குச்சு. போன் போட்டா "உள்ள ஈரம் காயலண்ணே, காஞ்சா மெதக்கும்"னான். இதுதான் கெட்டிக்காரத்தனம், ஏன்னா புதுசா எடுத்த அசல் கட்டியும் ஈரத்தோட கனமாத்தான் இருக்கும், பாதி உண்மையை வச்சே என் வாயை அடைச்சுட்டான். பினாங்கு மழைக்காலம் வேற, மொட்டை மாடிக்கும் ஹாலுக்கும் தூக்கிட்டு ஒன்பது நாள் அலைஞ்சேன், வீட்டுல "என்ன, பிள்ளை வளக்குறீங்களா"ன்னு கேட்டாங்க.

பத்தாவது நாளு ஊறவச்சு கத்தி வச்சேன். சுருள் வரல, சுண்ணாம்பு மாதிரி மாவுதான் கொட்டுச்சு. பவுல், அதான் புகையிலை போடுற குழி, அதுக்குத் துளை போடும்போது ஓரம் சில்லு சில்லா தெறிச்சுது, வெட்டுன பக்கத்துல டார்ச் அடிச்சுப் பார்த்தா ஊசி முனை அளவுக்கு குட்டிக் குட்டி வட்டம், அச்சுல ஊத்துனப்ப மாட்டுன காத்துக் குமிழி. அசல்லயும் ஓட்டை, கறை எல்லாம் வரும், ஆனா இப்படி அச்சடிச்ச வட்டமா வராது. ஒரு துண்டை ஓவன்ல 150 டிகிரில வச்சேன், பிளாஸ்டர் இறுகுனா ஜிப்சம்தான், ஜிப்சத்துக்கு அந்தச் சூட்டுலயே உள்ள கட்டியிருக்குற தண்ணி ஓடிரும், வெளிய எடுத்து விரலால அழுத்துனா மாவாகுது. புகையிலைக் கங்கு அதைவிட எவ்வளவோ சூடு. யாரோ ஒரு பெரியவர் வாயில வச்சு இழுத்திருந்தா பவுல் உதிர்ந்து புகையோட போயிருக்கும், அதை நெனச்சாத்தான் காசு போனதைவிட எரிச்சலா வருது.

கடைசிக் கட்டியைத் திருப்பிப் பார்த்தா அடியில மங்கலா ஒரு முக்கோணம், நடுவுல 5, பிளாஸ்டிக் டப்பா அடியில இருக்குமே அந்தக் குறி, அதுவும் கண்ணாடியில பாக்குற மாதிரி இடவலம் மாறி. தாப்பாவ் டப்பா! மீ கோரேங் கட்டிக் குடுக்குற டப்பாவுல ஊத்தி எனக்கு 450 வெள்ளி கிலோன்னு வித்திருக்கான். அழுறதா சிரிக்கிறதான்னு தெரியல.

போன் பண்ணா எடுக்கல, மறுநாள் பிளாக். மோசடி புகாருக்கான 997க்கு அடிச்சேன், ஆனா அது காசு போன உடனே அடிக்கணும், நான் பன்னெண்டு நாள் கழிச்சு அடிச்சேன். போலீஸ் ரிப்போர்ட் எடுத்தாச்சு. பயனீட்டாளர் தீர்ப்பாயத்துல 5 வெள்ளி கட்டுனா கேஸ் போடலாம், ஆனா எதிராளி அட்ரஸ் வேணுமே, என்கிட்ட இருந்தது ஒரு போன் நம்பரும் ஒரு மச்சானும்தான். மோசடின்னு புகார் வந்த அக்கவுண்ட்டைத் தேடிப் பாக்குற போலீஸோட செமாக் மியூல் வெப்சைட்ல அந்த அக்கவுண்ட் நம்பரை அப்பப் பார்க்கல, நீங்க காசு போடுறதுக்கு முந்தி பாருங்க, ஆனா அங்க ஒண்ணும் காட்டலன்னா நல்லவன்னு அர்த்தம் இல்ல, இன்னும் யாரும் ரிப்போர்ட் பண்ணலன்னுகூட இருக்கலாம். சாம்பிளை நம்பாதீங்க, வாங்கப்போற அதே கட்டியை ஊறவச்சு கத்தியால சீவுற வீடியோ கேளுங்க, மழுப்புனா விட்டுருங்க.

மாமாவுக்கு கடைசில மரத்துலயே செஞ்சு குடுத்துட்டேன். பாயான் லெப்பாஸ் பக்கம் யாராவது கட்டி வாங்கியிருந்தா எடுத்துட்டு வாங்க, பிள்ளையார் செதுக்குன அசல்ல ஒரு துண்டு மிச்சம் இருக்கு, பக்கத்துல வச்சு சீவிப் பாத்துரலாம். சனிக்கிழமை சாயங்காலம் வீட்டுலதான் இருப்பேன்.